வாசலில் கார், பிளக் எங்கே?

லண்டனின் மைடா வேல் பகுதியில் சதர்லண்ட் அவென்யூ என்றொரு சாலை இருக்கிறது. 2020 மார்ச்சில் அந்தச் சாலையின் 24 தெருவிளக்குக் கம்பங்கள் கார் சார்ஜர்களாக மாறின. இதற்காகப் புதுக் கம்பம் எதுவும் நடவில்லை. இருக்கிற கம்பத்தின் உடம்பிலேயே ஒரு சிறிய சாக்கெட்டைப் பொருத்தினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலும் சீமென்ஸும் யுபிட்ரிசிட்டி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. காரில் வருபவர் தன் கேபிளின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை வண்டியிலும் செருகி, போனில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். இரவு முழுக்கத் தலைக்கு மேலே விளக்கு எரியும், கீழே கார் சார்ஜ் ஆகும்.

பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் பிரிட்டன் மின்சார காருக்கு மாறுவதில் இருக்கும் மிகப் பெரிய சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குச் சொந்தக் கார் நிறுத்துமிடம் கிடையாது. விக்டோரியா காலத்தில் தொழிலாளர்களுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், மேலேயும் கீழேயும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட பழைய கட்டடங்கள். வாசற்படி இறங்கினால் நடைபாதை, அதைத் தாண்டினால் சாலை. காரைச் சாலையோரத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். சொந்த நிறுத்துமிடம் உள்ளவர் சுவரில் ஒரு சார்ஜரை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவர்களுக்கு அந்த வழி இல்லை. சுவர் இவர்களுடையதாக இருந்தாலும் சாலை கவுன்சிலுடையது.

அதனால்தான் இந்தப் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் மாதிரி அதிவேக சார்ஜர்களை வைக்கத் தனியார் நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. அங்கே லாபம் இருக்கிறது. குடியிருப்புத் தெருவில், இரவெல்லாம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் ஒரு பாயிண்டை வைக்கத் தானாக யாரும் வருவதில்லை. வந்தாலும் நடைபாதையைத் தோண்ட, கம்பத்தைத் தொட, பார்க்கிங் இடத்தை ஒதுக்க கவுன்சிலின் அனுமதி வேண்டும். 2030க்குள் குறைந்தது 3 லட்சம் பொது சார்ஜர்கள் வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு 2022 மார்ச்சில் ஓர் இலக்கை அறிவித்தது. 2025 தொடக்கத்தில் நாடு முழுவதும் இருந்தவை 73,000 சொச்சம்.

கம்பத்தில் கறக்க முடிகிற மின்சாரம்

எல்லாத் தெருக் கம்பத்தையும் சார்ஜர் ஆக்கிவிட முடியாது. முதல் கேள்வி, கம்பம் நடைபாதையின் எந்தப் பக்கம் நிற்கிறது? சாலையை ஒட்டி நின்றால் நல்லது. வீட்டுச் சுவரை ஒட்டி நின்றால் கேபிள் நடைபாதையின் குறுக்கே போகும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து வரும் தாய்க்கும், வெள்ளைக் குச்சி தட்டி வருபவருக்கும் அது கண்ணி. அப்படிப்பட்ட தெருக்களில் கம்பத்திலிருந்து நடைபாதைக்கு அடியில் கம்பி இழுத்து, சாலையோரத்தில் ஒரு குட்டைத் தூணை நட்டு, அதில் சாக்கெட் வைக்கிறார்கள். செலவு ஏறும். ஆனால் வேறு வழியில்லை.

இரண்டாவது கேள்வி, கம்பத்துக்கு மின்சாரம் எப்படி வருகிறது? லண்டனில் பல இடங்களில் ஒவ்வொரு கம்பமும் தெருவின் பிரதான மின்கம்பியோடு தனித்தனியாக இணைந்திருக்கிறது. 230 வோல்ட், 25 ஆம்பியர் ஃபியூஸ் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோவாட் வரை தாராளமாக எடுக்கலாம். பத்து மணி நேரம் போட்டால் 50 யூனிட். சாதாரண மின்சார கார் ஒன்றின் பேட்டரி ஏறக்குறைய நிறைந்துவிடும். வேறு பல ஊர்களில் ஒரே கம்பியில் வரிசையாகப் பத்து இருபது விளக்குகள் கோத்திருக்கும். அந்தக் கம்பி விளக்குக்கென்று போட்டது, காரின் பாரத்தைத் தாங்காது. லண்டனில் வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே நகலெடுத்த ஊர்கள் முதலில் இடறியது இங்கேதான். தன் ஊர்க் கம்பங்களின் மின் இணைப்பு வரைபடத்தைப் பார்க்காமல் டெண்டர் விடுகிற கவுன்சில், பாதிக் கம்பங்கள் உதவாது என்பதை ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கண்டுபிடிக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரிட்டனில் தெருவிளக்குகளுக்கு மீட்டர் கிடையாது. எத்தனை விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கவுன்சில் பணம் கட்டுகிறது. காருக்கு ஏறும் மின்சாரத்தை அப்படிக் கணக்கிட முடியாது. ஆகவே கம்ப சார்ஜருக்குள்ளேயே அளவிடும் கருவி இருக்கவேண்டும்.

இருபத்தொரு நாள்

பொறியியல் முடிந்தால் அடுத்தது ஜனநாயகம். சார்ஜருக்கு முன்னால் உள்ள இடத்தில் மின்சார கார் மட்டும்தான் நிற்கலாம் என்று ஒதுக்க வேண்டுமானால், போக்குவரத்து ஒழுங்கு ஆணை ஒன்றைக் கவுன்சில் பிறப்பிக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், தெருவில் நோட்டீஸ் கட்ட வேண்டும், ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் அவகாசம் தர வேண்டும். வந்த ஆட்சேபங்களைப் படித்து, பதில் எழுதி, அதன் பிறகுதான் கோடு போட முடியும்.

ஆட்சேபங்கள் வராமல் இருப்பதில்லை. ஏற்கெனவே நிறுத்த இடமில்லாத தெருவில், இருக்கிற நாற்பது இடத்தில் இரண்டை மின்சார காருக்கு என்று பச்சை வண்ணம் பூசினால், பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் பிளம்பர் எங்கே போவார்? அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் பல கவுன்சில்கள் கம்ப சார்ஜரை வைத்துவிட்டு இடத்தை ஒதுக்காமல் விடுகின்றன. ஆணையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஆனால் பெட்ரோல் கார் அங்கே நின்றுவிட்டால் அந்த சார்ஜர் அன்று இரவு வெறும் விளக்குக் கம்பம்தான். இதற்கு நல்ல விடை ஒன்றுதான்: ஒரு தெருவில் ஒன்றிரண்டு வைத்து ஒதுக்குவதைவிட, ஒதுக்காமலேயே பத்துக் கம்பங்களில் வைப்பது. ஏதாவது ஒன்று காலியாக இருக்கும். சதர்லண்ட் அவென்யூ பேசப்பட்டதற்குக் காரணம் அந்த அடர்த்திதான்.

இடத்தை முடிவு செய்கையில் கவுன்சில்கள் எளிதாக விட்டுவிடுகிற ஒரு தரப்பு, நடைபாதையில் நடப்பவர்கள். பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதல், நடைபாதையில் 2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. முடியாத இடத்தில் 1.5 மீட்டர். சக்கர நாற்காலியில் வருபவர் சார்ஜரின் திரையைப் பார்க்க முடிகிறதா, கேபிளின் எடையைத் தூக்க முடிகிறதா, சுற்றி வந்து செருக இடம் இருக்கிறதா என்பதற்கெல்லாம் 2022 அக்டோபரில் பிஏஎஸ் 1899 என்ற தர அளவு வெளியானது. மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்துக்காக இயங்கும் மோட்டபிலிட்டி அறக்கட்டளை இதற்குத் துணை நின்றது. ஆனால் இது கட்டாயச் சட்டம் அல்ல. டெண்டரில் கவுன்சில் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. காருக்காக நடப்பவரின் பாதையைப் பிடுங்குவது எந்தப் பசுமைக் கணக்கிலும் சேராது. இடமில்லாத தெருவில் சார்ஜரைச் சாலைக்குள்ளேயே ஒரு சிறு திட்டு கட்டி, அதன் மேல் நிறுத்துவதுதான் சரி.

மாட்டுச் சந்தையில் சார்ஜர்

தெரு ஒத்துவரவில்லை என்றால் கவுன்சிலிடம் இன்னொரு சொத்து இருக்கிறது: பொது வாகன நிறுத்தங்கள். பகலில் கடைக்கு வருபவர்களால் நிரம்பி, இரவில் வெறிச்சோடிக் கிடப்பவை. ஆக்ஸ்ஃபோர்டுஷர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ‘பார்க் அண்டு சார்ஜ்’ என்ற திட்டத்தில் அந்தக் கவுன்டியின் ஊர்ப்புற வாகன நிறுத்தங்களில் சார்ஜர் வரிசைகளை அமைத்தார்கள். முதலாவது 2021இல் பிஸ்டர் ஊரின் கேட்டில் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் வந்தது. முன்பு மாட்டுச் சந்தை கூடிய இடம். பக்கத்துத் தெருக்காரர்கள் இரவில் வண்டியை அங்கே விட்டுவிட்டுக் காலையில் எடுத்துப்போகலாம் என்பதுதான் ஏற்பாடு.

இதில் வெளியில் தெரியாத ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளாட்சி இரண்டு அடுக்கு. சாலையும் நடைபாதையும் மேலடுக்கான கவுன்டி கவுன்சிலுக்கு, வாகன நிறுத்தங்கள் கீழடுக்கான மாவட்டக் கவுன்சிலுக்கு. ஒரு தெருக்காரர் தன் தெருவில் சார்ஜர் வேண்டும் என்று மனு கொடுத்தால் அது ஓர் அலுவலகத்துக்குப் போகிறது, தெருமுனை நிறுத்தத்தில் வேண்டும் என்றால் வேறொரு அலுவலகத்துக்கு. இரண்டும் உட்கார்ந்து பேசி ஒரே ஒப்பந்தத்தில் வந்தால்தான் காரியம் நடக்கும். ஆக்ஸ்ஃபோர்டுஷரில் அது நடந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ரெட்பிரிட்ஜ் பார்க் அண்டு ரைடு நிறுத்தத்தில் 2022 ஜூலையில் திறந்த மின்சார மையம் வேறு அளவு. தேசிய மின் கட்டமைப்பிலிருந்தே தனிக் கேபிள் இழுத்து, ஒரே நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு இடம் வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ இன்னொரு பாதையில் போனது. பிரின்சஸ் தெருவில் சூரியத் தகடு வேய்ந்த கூரையின் கீழ் அதிவேக சார்ஜர்களை வைத்த அந்தக் கவுன்சில், தன் சொந்த வண்டிகளையும் ஊர் டாக்சிகளையும் மின்சாரத்துக்கு மாற்றுவதில் முதலில் கவனம் செலுத்தியது. சார்ஜர் வைத்த முதல் நாளே வாடிக்கையாளர் உண்டு.

மின்சாரம் வருமா என்பது எப்போதும் மின் விநியோக நிறுவனத்தின் கையில். முன்பெல்லாம் ஒரு தெருவின் டிரான்ஸ்பார்மர் போதாது என்றால், அதைப் பெரிதாக்கும் செலவில் ஒரு பங்கு, கடைசியாக இணைப்புக் கேட்டவர் தலையில் விழும். ஒரு சிற்றூர்க் கவுன்சிலின் திட்டத்தை முடக்க அந்த ஒரு பில் போதும். 2023 ஏப்ரலில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அந்த விதியை மாற்றியது. பொதுவான கட்டமைப்பை வலுப்படுத்தும் செலவு இப்போது பெரும்பாலும் எல்லா நுகர்வோரிடமும் பரவலாகப் பிரிகிறது. இணைப்புக் கேட்பவர் தன் கிளைக் கம்பிக்கு மட்டும் கட்டினால் போதும். தலைப்புச் செய்தியாக வராத இந்த மாற்றம், பல மானியங்களைவிடப் பெரிய உதவி.

யாருக்கு முதலில்?

லண்டனின் ஈஸ்ட்ஹாம் தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த ஊர். கோயிலும் நகைக்கடையும் மளிகைக்கடையுமாகத் தமிழ்ப் பலகைகள் தெரியும் இடம். அது நியூஹம் கவுன்சிலின் எல்லை. மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வீடுகள்தான். சொந்த நிறுத்துமிடம் உள்ள வீடு அபூர்வம். இந்த வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் நிறைய. 2023 ஜனவரி 1 முதல் லண்டனில் முதன்முறையாக உரிமம் பெறும் எந்த வாடகைக் காரும் புகையின்றி ஓடும் திறன் உள்ளதாக இருக்க வேண்டும் என்று போக்குவரத்து நிர்வாகம் விதித்தது. ஆக, மின்சார காருக்கு முதலில் மாற வேண்டியவர்கள், வீட்டில் சார்ஜ் போட வழியே இல்லாதவர்கள். லண்டனின் நியூஹம், ரெட்பிரிட்ஜ், பிரெண்ட் ஆகிய மூன்று கவுன்சில் பகுதிகளிலும் தெரு சார்ஜர்களுக்காக ஊபர் நிறுவனம் 50 லட்சம் பவுண்டு ஒதுக்கியது இந்த இடைவெளியைப் பார்த்துத்தான். அந்த ஓட்டுநர்கள் நகர மையத்தில் அதிவேக சார்ஜர் தேடிக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குச் சவாரி இழப்பு.

விலையிலும் இதே அநீதி. வீட்டு மின்சாரத்துக்கு பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடு, பொது சார்ஜரில் 20 விழுக்காடு. இரவுச் சலுகைக் கட்டணத்தில் வீட்டில் ஒரு யூனிட் 7, 8 பென்ஸுக்குக் கிடைக்கும்போது, தெருவில் சாதாரண சார்ஜரிலேயே 50 பென்ஸைத் தாண்டுகிறது. சொந்த நிறுத்துமிடம் உள்ளவர் குறைவாகக் கட்டுகிறார், இல்லாதவர் பல மடங்கு கட்டுகிறார். இந்த வரி வேறுபாட்டை நீக்க வேண்டும் என்று பிரபுக்கள் அவையின் சுற்றுச்சூழல் குழு 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் வீட்டு மின்கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, பொது சார்ஜிங்குக்கு 18 விழுக்காடு உண்டு.

வரியைக் குறைப்பது கவுன்சிலின் கையில் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். வீட்டு மின்சாரத்தையே தெருவுக்குக் கொண்டுவரலாம். நடைபாதையின் குறுக்கே ஓர் அங்குலம், இரண்டங்குல அகலத்தில் பள்ளம் வெட்டி, மூடியோடு ஒரு வாய்க்கால் பதிப்பது. கேபிளை அதற்குள் அழுத்தி மூடிவிட்டால் நடப்பவர் காலில் எதுவும் தட்டாது. ஆக்ஸ்ஃபோர்டு நகரக் கவுன்சிலின் நிறுவனமே இப்படியொன்றை வடிவமைத்துச் சோதித்தது. இந்த வாய்க்கால்களுக்கென்று 2.5 கோடி பவுண்டை 2025 ஜூலையில் அரசு ஒதுக்கியது. எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. தன் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால்தான் பயன். மாடிக் குடியிருப்புக்காரருக்கு உதவாது. ஆனாலும் மாதச் செலவை இவ்வளவு இறக்கிவிடும் வழி வேறில்லை.

கையெழுத்துப் போடும் இடம்

சார்ஜரை வாங்குவது எளிது. அதை ஐந்து வருடம் கழித்தும் வேலை செய்ய வைப்பதுதான் கடினம். லண்டன் இதைத் தொடக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. 2011 மே மாதம், போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது ‘சோர்ஸ் லண்டன்’ என்ற நகரளாவிய சார்ஜிங் வலையமைப்பு தொடங்கியது. பாயிண்டுகள் பல கவுன்சில்களுக்கும் தனியாருக்கும் சொந்தம், உறுப்பினர் அட்டை நகர நிர்வாகத்துடையது, பராமரிப்பு ஆளுக்கொரு நிறுவனத்திடம். பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பது தெளிவில்லை. சில வருடங்களில் வேலை செய்யாத பாயிண்டுகள் பெருகின. 2014இல் அது பிரெஞ்சு பொலோரே குழுமத்துக்குக் கைமாறியது, 2020இல் டோட்டல் நிறுவனம் அதை வாங்குவதாக அறிவித்தது. முதல் மூன்று வருடத்தில் மின்சார காரை நம்பி வாங்கியவர்களின் எரிச்சல் அந்தக் கைமாற்றங்களில் எங்கும் பதிவாகவில்லை.

பணம் வரும் வழியும் இதற்கிடையில் மாறிவிட்டது. 2017இல் தொடங்கிய தெரு சார்ஜர் மானியத் திட்டம், முதலில் செலவில் 75 விழுக்காட்டை அரசே கொடுத்தது. பிறகு அந்தப் பங்கு குறைந்தது. அடுத்து வந்த லெவி (உள்ளூர் மின்வாகனக் கட்டமைப்பு) நிதி 45 கோடி பவுண்டு என்று அறிவிக்கப்பட்டு, அதில் சுமார் 38 கோடி இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குப் பிரிந்தது. இந்த நிதியில் ஒரு நல்ல அம்சம், இயந்திரத்துக்கு மட்டுமல்லாமல் ஆளுக்கும் காசு தந்ததுதான். பல கவுன்சில்களில் இந்த வேலையைப் பார்க்க முழுநேர அலுவலர் ஒருவர்கூட இருந்ததில்லை.

புதிய முறையில் முதலீட்டின் பெரும்பகுதியைத் தனியார் நிறுவனம் போடுகிறது. கவுன்சில் இடத்தைக் கொடுக்கிறது, வருமானத்தில் ஒரு பங்கு வாங்குகிறது. சர்ரே கவுன்டி கவுன்சில் 2023இல் கனெக்டட் கெர்ப் நிறுவனத்துடன் 10,000 சார்ஜர்கள் வரை அமைக்க இப்படித்தான் ஒப்பந்தம் போட்டது. இடத்துக்கு என்ன வாடகை கேட்பது என்பதில் இந்தியா 2022 ஜனவரியில் ஒரு நேரடியான வழியைச் சொன்னது. அரசு, பொது அமைப்புகளின் நிலத்தில் சார்ஜர் வைப்பது இன்னோர் அரசு அமைப்பு என்றால் விற்கும் யூனிட்டுக்கு 1 ரூபாய், பத்து வருடத்துக்கு. தனியார் என்றால் அதே 1 ரூபாயிலிருந்து ஏலம். வண்டி வராவிட்டால் வாடகையும் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ ஒரு மாநகராட்சிப் பூங்கா வாசலில் சார்ஜர் வைக்க முன்வருபவருக்கு இது பெரிய தைரியம்.

பிரிட்டிஷ் ஒப்பந்தங்களில் கவனிக்க வேண்டிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2023இல் வந்த பொது சார்ஜர் விதிமுறைகள், ஒரு நிறுவனத்தின் சார்ஜர்கள் ஆண்டு சராசரியில் 99 விழுக்காடு நேரம் வேலை செய்ய வேண்டும் என்கின்றன. வங்கி அட்டையைத் தொட்டாலே பணம் கட்ட முடிய வேண்டும் என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் 99 விழுக்காடு விதி 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள அதிவேக சார்ஜர்களுக்குத்தான். அட்டை விதியோ, புதியவற்றில் 8 கிலோவாட்டிலிருந்து தொடங்குகிறது. 5 கிலோவாட் கம்ப சார்ஜர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. குடியிருப்புத் தெருக்களில் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் நடுவது அதைத்தான்.

அங்கே வண்டிக்காரருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, கவுன்சில் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம். பழுது என்று தகவல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் அபராதம் எவ்வளவு, வலையமைப்பின் சராசரியைக் காட்டித் தப்பிக்காமல் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கணக்கு உண்டா, லாபம் தரும் தெருக்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல் வருமானம் குறைந்த வார்டுகளிலும் இத்தனை என்று எண்ணிக்கை எழுதியிருக்கிறதா, கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா, நிறுவனம் கைமாறினாலும் மூழ்கினாலும் கம்பமும் கம்பியும் கவுன்சிலுக்கே திரும்புமா என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்க வேண்டும். லெவி நிதியை வைத்து இங்கிலாந்தின் கவுன்சில்கள் இப்போது கையெழுத்திடும் ஒப்பந்தங்கள் பல, பதினைந்து வருடம் வரை நீள்பவை. 2030இல் புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனை நின்றுபோன பிறகும், 2040வரை அந்தத் தெருக்களில் இந்தத் தாள்கள்தான் விதி.